கெர் வீடுகளும் புகையில்லா வெப்பமும்

கெர் என்பது மங்கோலிய நாடோடி மேய்ப்பர்களின் வட்ட வடிவக் கூடார வீடு. மடக்கி விரிக்கக்கூடிய மரச்சட்டச் சுவர், அதன்மேல் குடைக்கம்பிகள் போல விரியும் கழிகள், உச்சியில் 'தூனோ' எனப்படும் வட்டத் திறப்பு, எல்லாவற்றையும் மூடும் தடித்த கம்பளி ஆகியன இதன் உறுப்புகள். இக்கம்பளி நெய்யப்படுவதில்லை, ஆட்டு மயிரை நனைத்து அழுத்திச் செய்யப்படுகிறது. கெர் அமைக்கும் கைவினை மரபை யுனெஸ்கோ 2013 இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மேய்ச்சல் வெளியில் கெர் நடுவிலுள்ள அடுப்பில் எரிந்தது பெரும்பாலும் காய்ந்த சாணம். புகைக்குழாய் தூனோ வழியாக வெளியேறும். அடுத்த வீடு வெகுதொலைவில் இருந்ததால் அப்புகை எவருக்கும் பெருந்தொல்லை ஆகவில்லை.

1990 இல் ஒரு கட்சி ஆட்சி முடிவுக்கு வந்தபின் கூட்டுப் பண்ணைகள் கலைந்தன. 1999–2002 ஆண்டுகளிலும் 2009–10 இலும் 'ட்சுட்' எனப்படும் கொடுங்குளிர் தாக்கி, கால்நடைகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. மந்தையை இழந்த குடும்பங்கள் கெரைக் கழற்றிக்கொண்டு தலைநகர் உலான் பத்தூரின் விளிம்பில் வந்து நாட்டின. நகரின் அடுக்குமாடிகளுக்கு அனல்மின் நிலையங்களிலிருந்து குழாய்வழி வெப்பம் வருகிறது. கெர் குடியிருப்புகள் பெரும்பாலானவற்றுக்கு அக்குழாய் எட்டவில்லை. எனவே அவர்கள் நிலக்கரி எரித்தனர். குளிர்கால இரவில் வெப்பநிலை −30 பாகைக்கும் கீழே இறங்கும். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி, புகையை மேலெழ விடாது. குழந்தைகளின் நுரையீரல் அழற்சிக்கு இப்புகை முக்கியக் காரணமாயிற்று.

முதலில் அடுப்பையே மாற்ற முயன்றனர். மானிய விலையில் வழங்கப்பட்ட மேம்பட்ட அடுப்புகளில் கரியை நிரப்பி மேலிருந்து பற்றவைக்க வேண்டும். அது எரிந்து தீருமுன் கரி சேர்த்தால் பழையபடி புகை வரும். குளிரில் நடுங்கும் குடும்பம் கரி தீரும்வரை காத்திருக்குமா? 2019 மே 15 முதல் நகரில் பதப்படுத்தாத நிலக்கரி எரிக்கத் தடை வந்தது. மாற்றாக அழுத்திய கரிக்கட்டிகள் விற்கப்பட்டன. புகை குறைந்தது. ஆனால் கார்பன் மோனாக்சைடு நச்சேறிச் சிலர் இறந்தனர். இந்த வளிமத்துக்கு நிறமோ மணமோ கிடையாது.

இம்முயற்சிகள் கவனிக்கத் தவறியது கெரின் வெப்ப இழப்பு. கம்பளிச் சுவர் வெப்பத்தைச் சேமித்து வைக்காது. அடுப்பு அணைந்தால் வீடு விரைவில் குளிர்ந்துவிடும். தரை ஓரம், கதவு, தூனோ ஆகிய இடங்களில் வெப்பம் கசியும். யுனிசெப் ஆதரவுடன் அறிமுகமான தொகுப்பு இதைக் கணக்கில் கொண்டது. சுவர், கூரை, தரைக்குக் கூடுதல் காப்பு இட்டு, அதன்பின் மின் வெப்பமூட்டியும் மின் அடுப்பும் வைக்கப்படும். காப்பு இருந்தால் சிறிய வெப்பமூட்டியே போதும், மின்கட்டணமும் தாங்கும். கெர் பகுதிகளுக்கு இரவு மின்கட்டணச் சலுகையும் தரப்பட்டது.

ஆயினும் தொகுப்பின் முதல் செலவு ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிது. மானியமோ கடனோ இல்லாமல் அவர்களால் வாங்க இயலாது. மின்சாரமும் பெரும்பாலும் பழைய நிலக்கரி அனல்மின் நிலையங்களிலிருந்தே வருகிறது. குளிர் மிகுந்த மாலைகளில் அவற்றின் சுமை உச்சத்தைத் தொடும். மின்சாரம் நின்றால், மின் வெப்பமூட்டியை மட்டுமே நம்பிய வீட்டில் அன்றிரவு வேறு வெப்பம் இல்லை.