குவேசார் ஒளியில் ஒரு வெப்பமானி

கராடியில் குடியேறிய புதிதில், ஒரு பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று, மகளை அழைத்துக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்திலுள்ள 'ஆயுகா' வானியல் மையத்துக்குப் போனேன். ஊரின் அந்தக் கோடி. பஸ் மாறித்தான் போகணும். உள்ளே சந்திரசேகர் பெயரில் ஓர் அரங்கம். நம்ம ஆள்! திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "போகவே முடியாத இடத்தோட சூட்டை எப்படிப்பா அளக்கறாங்க?"

பதில் நிறமாலையில் இருக்கிறது. 1963இல் மார்ட்டன் ஷ்மிட், 3சி 273 என்ற 'நட்சத்திரத்தின்' ஒளியைப் பிரித்துப் பார்த்தார். யாருக்கும் பிடிபடாத கோடுகள். கடைசியில் அவை சாதாரண ஹைட்ரஜன் கோடுகள்தான்; சிவப்புப் பக்கம் சுமார் 16 விழுக்காடு நகர்ந்திருந்தன. அப்படியானால் அது இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்க வேண்டும். இதுதான் குவேசார். பெட்ரோமாக்ஸ் பக்கத்தில் அகல்விளக்கு தெரியாத மாதிரி, அது குடியிருக்கும் விண்மீன் மண்டலமே அதன் பிரகாசத்தில் மறைந்துவிடுகிறது.

அந்த ஒளி நம்மை நோக்கி வரும் வழியில், இடையிலுள்ள மண்டலங்களின் வாயு மேகங்களைக் கடக்கிறது. அவை உறிஞ்சிய இடங்களில் கருங்கோடுகள் விழும். ஆயுகாவின் ஸ்ரீஆனந்த், பிரெஞ்சு வானியலாளர்கள் பெட்டிஜான், லெது ஆகியோருடன் சேர்ந்து, சிலி நாட்டின் 8.2 மீட்டர் தொலைநோக்கியில் அப்படியொரு மேகத்தைப் படித்தார். குளிரில் கரி அணுக்கள் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் கிடக்கும். சுற்றிலும் சூடு இருந்தால் சில அணுக்கள் ஒரு படி ஏறி நிற்கும். எத்தனை ஏறின என்று எண்ணினால் அதுவே வெப்பமானி. மற்ற அணுக்கள் மோதியும் ஏறலாம் என்பதுதான் சிக்கல். அதே மேகத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் இருந்ததால் அந்தப் பங்கைக் கழிக்க முடிந்தது.

பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கி விரிந்து ஆறுகிறது என்றால், இன்று 2.73 கெல்வினாக உள்ள பின்னணிக் கதிர்வீச்சு அந்த மேகத்தின் காலத்தில் சுமார் 9.1 கெல்வின் இருந்திருக்க வேண்டும். 2000 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியான விடை: 6க்கு மேல், 14க்குக் கீழ்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அப்போது ஆயுகாவின் இயக்குநர், 1988இல் அதை உருவாக்கிய ஜெயந்த் நார்லிகர். பெருவெடிப்பை ஏற்காமல் ஃபிரெட் ஹாயிலுடன் மாற்றுக் கொள்கை வகுத்தவர். அவருடைய கூரையின் கீழ் வேலை செய்தவரே பெருவெடிப்பின் கணக்குக்குப் பொருந்தும் விடையோடு வந்தார்! ஒரே அளவீட்டில் வழக்கு தீர்ந்துவிடாதுதான். நார்லிகரும் தம் ஐயங்களைக் கைவிடவில்லை. 2025 மே மாதம் புனேயில் அவர் மறைந்தார். அதற்கு முன்பே ஸ்ரீஆனந்த் அந்த இயக்குநர் நாற்காலிக்கு வந்திருந்தார்.