பழைய கோம்பி வேனை மீட்டெடுப்பது எப்படி? சாயத்துக்கு முன் துருவைக் கவனியுங்கள்

வோக்ஸ்வேகன் கோம்பி வேனை வாங்கி, சனி, ஞாயிறுகளில் பழுதுபார்த்து, குடும்பத்தோடு தங்கிவரும் நடமாடும் வீடாக மாற்றுவது பலரின் கனவு. அதில் பாதியிலேயே நின்றுபோகும் வண்டிகளும் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் எஞ்சின் அல்ல. மறைந்திருக்கும் துருவும் சரிபார்க்காத ஆவணமும்தான்.

வண்டியின் வரலாறு

1947இல் டச்சு வணிகர் பென் பொன் வரைந்த ஒரு கோட்டோவியத்திலிருந்து பிறந்த வண்டி இது. 1950இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கியது. ஆட்களையும் சரக்கையும் ஏற்றும் வண்டி என்ற பொருளுடைய ஜெர்மன் சொல்லின் சுருக்கமே 'கோம்பி'. 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் இதற்குள் படுக்கை, அலமாரி வைத்துத் தங்கும் வண்டியாக்கியது. 1967 வரை வந்தவற்றில் முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும். அதன் பிறகு வந்தவற்றில் ஒரே வளைந்த கண்ணாடி. பிரேசிலில் இதன் தயாரிப்பு 2013 வரை நீடித்தது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் வோக்ஸ்வேகனுக்கும் பழைய உறவு உண்டு. 1960களின் இறுதியில் ஷா ஆலாமில் சாம்பியன் மோட்டார்ஸ் நிறுவனம் வோக்ஸ்வேகன் கார்களைப் பொருத்தி விற்றது. செந்தூல் ரயில் பட்டறையிலும் தோட்டத் தொழிற்சாலைகளிலும் இரும்போடு உழைத்த தமிழர்களின் கைத்தொழில் அறிவு இன்றும் பல குடும்பங்களில் இருக்கிறது. இந்த வேலைக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

பணம் கொடுக்கும் முன்

முதலில் கிராண்டை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் எண், ஜெனரேட்டர் நிற்கும் தாங்கியின் அடியில் இருக்கும். ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது சாதாரணம். அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேவில் பதியாமல் விட்டிருந்தால் சிக்கல். பெயர் மாற்றத்துக்கு முன் பரிசோதனை நிலையத்தில் இந்த எண்கள் சரிபார்க்கப்படும். எண் ஒவ்வாத வண்டியைப் பழுதுபார்த்து முடித்தாலும் சாலையில் இறக்க முடியாமல் போகலாம்.

அடுத்து ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி பூசியிருக்கிறார்கள். கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டம், சக்கர வளைவுகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு, கூரையோர மழைநீர்க் கால்வாய், பேட்டரி உட்காரும் தட்டு ஆகியவை முதலில் துருப்பிடிக்கும். நம் ஊர் மழையும் ஈரக் காற்றும் இதை விரைவுபடுத்தும்.

வேலையின் வரிசை

வண்டியைக் கழற்றும்போதே ஒவ்வொரு பகுதியையும் கைப்பேசியில் படமெடுத்து, திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். வாரம் ஒருநாள் மட்டும் வேலை செய்பவருக்கு அடுத்த மாதம் இது நினைவில் இருக்காது.

முதலில் அடிச்சட்டமும் பக்கச் சட்டமும். துருப்பிடித்த பக்கச் சட்டத்தை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையேல் உடல் தொய்ந்து கதவு மூடாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது பிரேக். 1967க்கு முந்திய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த்தொடர். ஓரிடத்தில் கசிந்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். ரப்பர் குழாய்கள், வீல் சிலிண்டர்கள் அனைத்தையும் மாற்றுவதே பாதுகாப்பு. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மூன்றாவது எஞ்சின். பின்பக்கம் இருக்கும் இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. விசிறிக் காற்றுதான் குளிர்விக்கும். சுற்றியுள்ள தகட்டு மூடிகளோ ரப்பர் விளிம்போ இல்லையென்றால் சூடான காற்றே திரும்ப உள்ளே போகும். பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் எஞ்சின் கெடுவதற்கு அதுவே போதும். பழைய பெட்ரோல் குழாய் வெடித்துச் சூடான எஞ்சினில் கசிவதுதான் இவ்வகை வண்டிகள் தீப்பிடிக்க முக்கியக் காரணம். அவற்றை முதல் வாரமே மாற்றுங்கள். தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இவை முடிந்த பிறகே சாயமும் உள்வேலையும். நிறத்தை மாற்றினால் ஜேபிஜேவில் பதிய வேண்டும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், பிள்ளைகளை அருகில் விடக்கூடாது.

உள்ளே தங்கும்போது

படுக்கைக்கும் அலமாரிக்கும் ஈரம் தாங்கும் பலகையைப் பயன்படுத்துங்கள். சாதாரணப் பலகை ஊறிப்போகும், கரையானும் வரும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே தரையோரத்தில் காற்றுத்துளை அவசியம். மூடிய வண்டிக்குள் அடுப்பெரித்துவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை.

முதல் பயணம்

தொடக்ககால வண்டியின் திறன் 25 குதிரைசக்தி மட்டுமே. பின்னாளில் வந்த 1,600 சிசி எஞ்சினும் ஏறக்குறைய 50தான். கேமரன் மலையோ கெந்திங்கோ முதல் பயணத்துக்கு ஏற்றதல்ல. தாமானைச் சுற்றி ஒரு வாரம், கிள்ளானிலிருந்து மோரிப் கடற்கரை வரை ஒருமுறை, அடுத்து போர்ட்டிக்சன் என்று தொலைவைக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் வண்டிக்கடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் அதில் எண்ணெய்த் துளி விழுந்திருந்தால், அடுத்த சனிக்கிழமை எதில் கைவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.