கூடாரத்தைத் தின்ற பச்சைப் பங்கசு

உக்கும் வைக்கலிலும் விழுந்த கிளைகளிலும் முதலில் வெள்ளையாகப் படர்ந்து, சில நாட்களில் பச்சையாக மாறும் பூஞ்சணத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். பல வேளைகளில் அது ட்ரைக்கோடேர்மா என்ற பங்கசுப் பேரினத்தைச் சேர்ந்தது. 1794 இல் பெர்சூன் என்பவர் இதற்குப் பெயரிட்டார். பச்சை நிறம் அதன் வித்திகளுடையது. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் 200 வித்திகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. சில இனங்களில் தேங்காய் வாசமும் வரும்.

போர் ஒன்றோடு இதற்குள்ள தொடர்புதான் என்னை இதைப் பற்றி எழுதத் தூண்டியது. இரண்டாம் உலகப் போரில், பசுபிக்கின் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் வேகமாக உக்கிப் போயின. காரணத்தைத் தேடியவர்கள் ஒரு கூடாரத் துணியிலிருந்து இந்தப் பங்கசைப் பிரித்தெடுத்தார்கள். எல்வின் ரீஸ், மேரி மண்டெல்ஸ் ஆகியோர் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அது சுரக்கும் நொதியங்கள் பருத்தியிலுள்ள செலுலோசை உடைத்து வெல்லமாக்குவது தெரியவந்தது. 1977 இல் அந்த இனத்துக்கு ரீஸின் பெயரே சூட்டப்பட்டது. அன்று கூடாரத்தை அழித்த நொதியங்கள் இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும், வைக்கலிலிருந்து எரிபொருள் மதுசாரம் தயாரிக்கவும் உதவுகின்றன. நாங்கள் ஒதுங்கியிருந்த தறப்பாள்கள் பிளாஸ்டிக். அவற்றை இதனால் உண்ண முடியாது.

விவசாயிக்கு இதன் பயன் வேறு. ட்ரைக்கோடேர்மாவின் சில இனங்கள், பயிரின் வேரைத் தாக்கும் பங்கசுகளின் இழைகளைச் சுற்றிப் பிடித்து, அவற்றின் சுவரைக் கரைத்து உண்கின்றன. நாற்றழுகல், வேரழுகல் போன்றவற்றைக் குறைக்க இந்தப் பங்கசு தூளாக விற்கப்படுகிறது. நன்கு உக்கிய மாட்டெருவுடன் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் சில நாட்கள் வைத்து மண்ணில் இடலாம். இது உயிருள்ள பொருள். ஆகவே காலாவதித் திகதியைப் பாருங்கள், பங்கசுநாசினியுடன் கலக்காதீர்கள், தூளைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள். மிளகாயின் இலைச்சுருளை இது தீர்க்காது. அதற்குக் காரணம் பூச்சிகளும் வைரசும்.

ஆனால் கடன்பட்டு வீட்டில் சிப்பிக் காளான் வளர்க்கும் சகோதரிகளுக்கு இதே பேரினம் எதிரி. காளான் பையில் பச்சைத் திட்டு தெரிந்தால், அந்தப் பையைத் திறக்காமலே கொட்டிலிலிருந்து உடனே அகற்றுங்கள். மரத்தூளைக் குறையாமல் ஆவியில் அவித்து, கைகளையும் கொட்டிலையும் சுத்தமாக வைத்திருப்பதே சிறந்த காவல். ட்ரைக்கோடேர்மா தூளையோ கூட்டெருவையோ அந்தப் பக்கம் கொண்டு போக வேண்டாம்.

2021 இல் இரசாயனப் பசளை திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, கூட்டெரு இல்லாத வயல்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அறுவடை முடிந்ததும் வைக்கலுக்குத் தீ வைக்கும் வழக்கம் இன்னும் விடவில்லை. அந்த வைக்கலை ஈரமாகக் குவித்து விட்டால், இந்தச் சின்னப் பங்கசும் அதன் கூட்டாளிகளும் கூலியில்லாமல் எருவாக்கித் தரும்.