வெப்பத்தைக் கழித்தல்: வானியல் படங்களில் இருட்படத்தின் வளர்ச்சி

திசையன்விளை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையைச் சற்றே தாண்டிய ஊர். ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து இங்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 34 பாகை உயரும். டெல்லியில் அது 14 பாகையைத்தான் எட்டும். ஆனால் அதைப் படமெடுக்க வாகான ஏப்ரல், மே இரவுகளில் காற்று 27 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். கேமராவின் சிலிக்கான் சில்லு அந்த வெப்பத்தையும் ஒளியாகவே எண்ணிவிடும். இந்தப் பொய் ஒளியைக் கழிக்கும் முறையின் வரலாற்றை, வெக்கை நிறைந்த நம் இரவை நடுவில் வைத்துப் படித்தால்தான் அதன் வலிமையும் எல்லையும் விளங்கும் என்பது என் வாதம்.

கேமராச் சில்லுகளுக்கு முன்பே இச்சிக்கல் இருந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, சவ்வாது மலையின் காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த ஒளி மங்குவதை ஒளிமின் கருவியால் பதிந்தனர். யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வு அது. அத்தகைய கருவிகளில் ஒளி விழாதபோதும் ஒரு சிறு மின்னோட்டம் ஓடும். மூடியை அடைத்து அதை அளந்து கழிப்பார்கள். கருவி முழுமைக்கும் ஒரே எண் போதும்.

1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி என்னும் சில்லு இந்த எளிமையைக் குலைத்தது. 1970களின் நடுவில் அது தொலைநோக்கிக்கு வந்தபோது, ஒவ்வொரு பிக்சலும் தனித்தனி அளவில் வெப்ப எலக்ட்ரான்களைச் சேர்ப்பது தெரிந்தது. சிலிக்கான் படிகத்தில் குறையுள்ள இடங்கள் மற்றவற்றைவிடப் பல மடங்கு கசியும். ஒற்றை எண்ணால் பயனில்லை. ஒரு படமே வேண்டும். தொலைநோக்கியின் வாயை மூடி, வானப் படத்தின் அதே வெப்பநிலையில், அதே நேரத்துக்கு எடுக்கும் டார்க் பிரேம், அதாவது இருட்படம், அப்படித்தான் நடைமுறையானது. அதைத் திரையில் வெளிச்சம் கூட்டிப் பார்த்தால், கருங்கல் தளத்தில் சிந்திய உப்பைப் போல வெண்புள்ளிகள் இறைந்து கிடக்கும். விண்மீன் என்றால் ஓரம் மெல்ல மங்கும். இவை ஒற்றைப் பிக்சலோடு வெடுக்கென்று முடிந்துவிடும்.

பெரிய ஆய்வகங்கள் விரைவிலேயே வேறு வழியில் போயின. திரவ நைட்ரஜனால் சில்லை மைனஸ் 100 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால் வெப்பக் கசிவு மிக அற்பமாகிவிடும். பெரும்பாலான பணிகளுக்கு இருட்படமே தேவைப்படாது. இருட்படம் நிலைத்தது ஆர்வலர்களிடம்தான். 1990களில் பெல்டியர் குளிரூட்டி பொருத்திய சிறு சிசிடி கேமராக்களும், பின்னர் குளிரூட்டியே இல்லாத டிஎஸ்எல்ஆர் கேமராக்களும் அவர்கள் கைக்கு வந்தன.

இங்கே ஒரு கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பிக்சலில் வெப்பத்தால் 400 எலக்ட்ரான் சேர்ந்தால், அதன் இரைச்சல், அதாவது அந்த எண்ணிக்கையின் தடுமாற்றம், வர்க்கமூலமான 20. ஒரேயொரு இருட்படத்தைக் கழித்தால் 400 போய்விடும். இரைச்சலோ 28 ஆகக் கூடும், ஏனெனில் இருட்படத்துக்கும் தன் இரைச்சல் உண்டு. 16 இருட்படங்களின் சராசரியைக் கழித்தால் 20.6. எத்தனை எடுத்தாலும் 20க்குக் கீழே போகாது. கழித்தல் வெப்பத்தின் வடிவத்தை நீக்குகிறது. அது விட்டுச்சென்ற தடுமாற்றத்தை நீக்குவதில்லை. கசிவு ஏறத்தாழ 6 முதல் 7 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பதால், 27லிருந்து மைனஸ் 13க்கு இறக்கினால் அந்த 400 ஏறத்தாழ 6 ஆகும், இரைச்சல் 2.5. குளிரூட்டிக்குச் செலவிடும் பணம் வீணல்ல என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

ஆனால் கடற்கரைப் பக்கத்து ஊரில் குளிர்விப்புக்கும் ஒரு விலை உண்டு. உவரிக் கடற்கரைப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று கேமராவுக்குள் புகுந்தால் சில்லின் மேல் உறைபனி படியும். உள்ளே வைக்கும் சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். குளிரூட்டி இல்லாதவருக்கு வேறு தொல்லை: முன்னிரவு எட்டு மணிக்கு எடுத்த இருட்படம் விடியற்காலை மூன்று மணிப் படத்துக்குப் பொருந்தாது, இடையில் சில்லின் வெப்பநிலை மாறியிருக்கும். அவர் இருட்படங்களை இரவு முழுவதும் இடையிடையே எடுக்க வேண்டும். ஒவ்வொரு வானப் படத்துக்கும் தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்தினால், கழிபடாமல் மிஞ்சும் வெண்புள்ளிகள் படங்களை அடுக்கும்போது விலகிப்போகும்.