எல்லாரும் வந்த ஆக்கள்தான்: கிளிநொச்சியின் கதை

கிளிநொச்சியில் ஆரையாவது புதிதாகச் சந்தித்தால், பேர் கேட்ட கையோடு வாற அடுத்த கேள்வி "சொந்த இடம் எது?" என்பதுதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கூட "அப்பான்ர ஊர் புங்குடுதீவு" எண்டு தொடங்குவார். சாதாரண விசாரிப்புத்தான். ஆனால் "மலையகம்" எண்டு பதில் வந்தால், கேட்டவரின் முகம் சில நேரம் மாறும். ஏன்?

வன்னியின் பழைய குளங்களும் சிறு கிராமங்களும் இந்தப் பக்கத்தில் முன்பே இருந்தன. ஆனால் இன்றைய கிளிநொச்சி இருபதாம் நூற்றாண்டில் உருவானது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. 1905இல் கொழும்பு - யாழ்ப்பாண ரயில் ஓடத் தொடங்கியது. 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தின் இடநெருக்கடியையும் வேலையின்மையையும் குறைக்க, 1936இல் இங்கே குடியேற்றம் தொடங்கியது. முதலில் வந்தவர்கள் காடு வெட்டினார்கள், மலேரியாவோடு போராடினார்கள். அந்தக் கஷ்டத்தை ஒருவரும் மறுக்கேலாது. அவர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் பாயும் வயற்காணி கிடைத்தது. கையில் பெர்மிட்டும் இருந்தது.

மலையகத் தமிழர் வந்த வழி வேறு. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பலாம் எண்டு முடிவெடுத்தது. அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. 1958 வன்முறை, எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டங்களில் வந்த பட்டினி, 1977 வன்முறை எண்டு ஒவ்வொரு அடிக்குப் பிறகும் குடும்பங்கள் வடக்கு நோக்கி வந்தன.

எழுபதுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் வன்னி விவசாயத்தில் காசு புழங்கியது. "அது ஒரு காலம்" எண்டு இப்பவும் பெருமையாகக் கதைப்பார்கள். அந்தத் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கி, மிளகாய் ஆய்ந்த கைகளில் நிறைய மலையகத்தில் இருந்து வந்த கைகள். பெருமைக் கதையில் அவர்கள் பெரும்பாலும் இல்லை.

பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற நகரை அண்டிய குடியிருப்புகளில் அவர்கள் தங்கினார்கள். பலருக்குக் கிடைத்தது வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணி. பலரிடம் காணிப் பத்திரமும் இல்லை. ஒரே குளத்தின் பக்கத்தில் வாழ்ந்தும், தண்ணீர் ஆருக்குப் பாய்ந்தது என்பதில் வர்க்கம் தெரிந்தது. "தோட்டக்காட்டார்" என்ற வசைச்சொல் அதை இன்னும் இறுக்கியது.

1996இலும் 2008இலும் ஊரே இடம்பெயர்ந்தது. ஓடும்போது ஆரும் பெர்மிட் பார்த்து ஓடவில்லை. திரும்பி வந்து வீட்டுத் திட்டம், வாழ்வாதார உதவி எண்டு கதை தொடங்கியதும் "காணி ஆற்ற பேரில?" என்ற கேள்வி திரும்ப வந்தது. பழைய வித்தியாசமும் அதோடு வந்தது.

1936இல் வந்தவர் "ஊர்க்காரர்", 1977இல் வந்தவர் "வந்த ஆள்" எண்டால், நடுவில் இருப்பது 41 வருசம் மட்டும்தான். முதலாமவர் அரசாங்கம் கூப்பிட்டு வந்தார். இரண்டாமவர் அடிவாங்கி வந்தார். இதில் ஆருக்கு என்ன உயர்வு?

எங்கட ஊர்களின் வரலாறு பெரும்பாலும் கோயில், பள்ளிக்கூடம், அவற்றைத் தொடக்கிய பெரியவர்கள் எண்டு எழுதப்படுகிறது. நீங்கள் கிளிநொச்சிப் பக்கம் எண்டால் வேறு மாதிரித் தொடங்கிப் பாருங்கோ. வீட்டுப் பெர்மிட்டில் என்ன ஆண்டு இருக்கு எண்டு பாருங்கோ. அந்தக் காணியில் ஆர் கூலிக்கு வேலை செய்தது எண்டு அம்மம்மாவிடம் கேளுங்கோ. அவர் சொல்லும் பேர்களையும் எழுதி வையுங்கோ.