திருச்செங்கோடு வட்டாரத் தன்னார்வச் சேவை

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அரசுப் பொறுப்பில் இல்லாத தொண்டர்கள் பொருள் திரட்டி, குழந்தைகளுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் ஆற்றிய பணிகளின் வரலாறு. 1925இல் புதுப்பாளையத்தில் தோன்றிய காந்தி ஆசிரமம் இதன் தலையாய பகுதி. அரிமா, ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்கள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தன. நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 சனவரியில்தான். அதற்கு முந்தைய செய்திகளைத் தேடுவோர் சேலம் மாவட்டத்தின் கீழ் பார்க்க வேண்டும்.

பின்னணி

மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயில் கொண்ட இவ்வூரில் அன்னதானம், தண்ணீர்ப் பந்தல், கோயில் கட்டளை ஆகியவை நெடுங்கால வழக்கம். பக்கத்துக் குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். அவர் மனைவி ராதாபாய் பெண்களின் வாக்குரிமைக்காக இலண்டன் வட்டமேசை மாநாடு வரை சென்று பேசியவர்.

காந்தி ஆசிரமம்

சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி), வருமானம் மிகுந்த தொழிலை ஒத்துழையாமை இயக்கத்தின்போது விட்டார். சிறை சென்று மீண்டபின் கிராமத்தில் குடியேறி வேலை செய்ய இடம் தேடினார். புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் கொடுத்தார். 1925 பிப்ரவரி 6 அன்று ஆசிரமத்தைத் திறந்துவைத்தவர் ஈ.வெ. இராமசாமி. அவருடைய ஊரான ஈரோடு அங்கிருந்து தொலைவில் இல்லை. அவர் அப்போது காங்கிரசில் இருந்தார், கதரைத் தோளில் சுமந்து விற்றவர். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டு வெளியேறினார். பின்னாளில் எதிரெதிர் முகாம்களில் நின்ற இருவரும் ஒரு கீற்றுக் கொட்டகையின் முன் சேர்ந்து நின்ற நாள் என்பதால், இத்திறப்பு விழா இருவரின் வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. மறுமாதமே காந்தி வந்து பார்த்தார். 1934இல் ஹரிசன நிதிப் பயணத்தின்போது மீண்டும் வந்தார்.

ஆசிரமம் இருக்கும் ஊர் புதுப்பாளையம். ஆனால் அஞ்சலிலும் பத்திரிகைகளிலும் 'திருச்செங்கோடு காந்தி ஆசிரமம்' என்றே வழங்கிவிட்டது. இரண்டும் ஒரே நிறுவனம்தான்.

தொண்டர்கள் குடிசைகளில் வாழ்ந்தனர். ராஜாஜி தம் மகள் லட்சுமியையும் மகன் நரசிம்மனையும் உடன் அழைத்து வந்திருந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்களும் ஆசிரமவாசிகளாகச் சேர்க்கப்பட்டனர். எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பந்தி. சுற்றுப்புறத்துச் சாதி இந்துக்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒதுக்கப்பட்ட சாதியினரை வெளியேற்றினால்தான் உறவு என்ற பேச்சு எழுந்தபோதும் ஆசிரமம் இறங்கிவரவில்லை. நிலம் கொடுத்தவரும் பின்வாங்கவில்லை.

ஆசிரமம் தொடங்கிய அதே மாதங்களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போட்ட செய்தி தமிழகத்தையே கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது. காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் தமிழ்நாடு காங்கிரஸ் குழுவில் நிறைவேறியபோது, அக்குழுவிலிருந்து விலகியவர்களில் ராஜாஜியும் ஒருவர். தம் ஆசிரமத்தில் ஒரே பந்தி நடத்தியவர் இத்தீர்மானத்தின் பேரில் ஏன் விலகினார் என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கட்டாயத்தால் மனம் மாறாது என்று அவர் எண்ணினார் என்பர் ஒரு சாரார். சாதி கேள்விக்குள்ளானபோது தயங்கினார் என்பர் மற்றொரு சாரார். இரண்டுக்கும் சான்று காட்டப்படுகிறது.

நூற்ற கூலி

ஆசிரமத்தின் முதல் வேலை பஞ்சம் தணிப்பது. மழை பொய்த்த கரிசலும் செம்மண்ணுமான பூமியில் காட்டு வேலை இல்லாத மாதங்களில் பெண்களுக்குக் கையில் காசு வர வழியில்லை. ஆசிரமம் பஞ்சைக் கொடுத்து, நூற்ற நூலை எடை போட்டு வாங்கி, கூலி கொடுத்தது. அந்நூலைத் தறிக்காரர்கள் நெய்தனர். கதர் நகரங்களில் விற்றது. அகில பாரத சர்க்கா சங்கம் பாட்னாவில் தோன்றியது 1925 செப்டம்பரில். அதற்கு முன்பே இங்கே ராட்டை சுழலத் தொடங்கிவிட்டது.

கூலி மிகச் சிறிது, அணாக் கணக்கு. 1935இல் காந்தியே, நூற்போருக்கு வாழ்க்கைக் கூலி கொடுக்காமல் கதரை மலிவாக விற்பது தகாது என்று சொல்லிக் கூலியை உயர்த்தச் செய்தார். ஆனாலும் அந்தச் சில அணா தாயின் கைக்கு நேராக வந்தது. சோளமோ கம்போ வாங்கினால் அன்று வீட்டில் அடுப்பெரியும். குழந்தைகளுக்கான உதவி என்ற பெயரில் ஆசிரமம் தனியே நிதி திரட்டியதைவிட, இந்த வழியில் குழந்தைகளின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததே அதிகம் எனலாம். ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளுக்குக் கிணறு வெட்டியதும், மருந்து கொடுத்ததும் இதனோடு சேர்ந்த பணிகள். பொதுக்கிணற்றில் வாளி விட முடியாத தெருவில் ஒரு கிணறு வருவது என்ன பெரிய மாற்றம் என்பதை, குடத்தோடு மணிக்கணக்கில் ஓரமாகக் காத்து நின்ற சிறுமிகள் அறிவார்கள்.

நூற்ற கூலி வீடு வந்து சேர்ந்தாலும் கணவனின் கூலி கள்ளுக்கடையில் இறங்கியது. மனைவி அணாவாகச் சேர்த்ததும் பின்னாலேயே போவதுண்டு. கதரில் தொடங்கிய ஆசிரமம் மதுவிலக்குக்குத் திரும்பியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். இந்திய மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளராகவும் ராஜாஜி பணியாற்றினார்.

'விமோசனம்'

மதுவிலக்குக்காக மட்டுமே ஒரு தமிழ்ப் பத்திரிகை, அதுவும் ஒரு சிற்றூரிலிருந்து. 1929இல் தொடங்கிய 'விமோசன'த்துக்கு ராஜாஜி ஆசிரியர். 'நவசக்தி'யில் திரு.வி.க.விடம் பணிபுரிந்துவிட்டு ஆசிரமத்துக்கு வந்திருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி துணை ஆசிரியர். பிற்காலத்தில் 'கல்கி' என்று தமிழகமே கொண்டாடியவர் அவர்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் எட்ட வேண்டும் என்பதால் கதை, பாட்டு, படம் என்று இதழை நிறைத்தனர். பத்து இதழ்களே வந்தன. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். கிருஷ்ணமூர்த்தியும் சிறை சென்றார். பத்திரிகை நின்றது.

குடியால் சிதையும் குடும்பங்களைப் பற்றி ராஜாஜி எழுதிய கதைகளில் இவ்வட்டாரத்துப் பேச்சும் வாழ்வும் தெரிகின்றன. அவருடைய 'திக்கற்ற பார்வதி'யை 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் திரைப்படமாக்கினார். பத்து இதழோடு நின்ற 'விமோசனம்' தமிழ் இதழியல் வரலாற்றில் பெரிய இடம் பெறவில்லை. ஆனால் எளிய நடையில் கதை சொல்லி வாசகரைக் கட்டிப்போடும் கல்கியின் கை, கள்ளுக்கடைக்குப் போகும் கூலிக்காரரை எதிரே உட்காரவைத்து எழுதியபோது நன்றாகப் பழகியிருக்கும்.

1937ஆம் ஆண்டு மதுவிலக்கு

1937 சூலையில் ராஜாஜி மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டம் முழுதும் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. மாகாணத்திலேயே முதல் மாவட்டம் அதுதான். திருச்செங்கோடும் அதில் அடங்கும். தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று பேசிவந்த ஒன்று, ஆசிரமம் திறந்த பதின்மூன்று ஆண்டுக்குள் அதே மாவட்டத்தில் சட்டமாகியது. பின்னர் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் விரிந்தது. கலால் வருவாய் போன இடத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இன்று கடையில் எது வாங்கினாலும் கொடுக்கும் வரியின் வேர்களில் ஒன்று சேலத்துக் கள்ளுக்கடையில் இருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி.

கடைகள் மூடியதால் சோறும் துணியும் கூடின, கடன் குறைந்தது, குழந்தைகள் முகம் தெளிந்தது என்று ஆதரவாளர்கள் எழுதினர். கள்ளச்சாராயம் பெருகியது, மரமேறிப் பிழைத்த குடும்பங்கள் தவித்தன என்று எதிர்ப்பாளர்கள் எழுதினர். இரண்டும் நடந்திருக்கக்கூடும். சோதனை நீடிக்கவும் இல்லை: 1939இல் அமைச்சரவை விலகியது, போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது. விடுதலைக்குப் பின் 1948இல் மாகாணம் முழுதும் வந்து, 1971இல் மீண்டும் தளர்ந்தது.

இடைக்காலம்

ஆசிரமத்தின் தொடக்கக் காலத்துக்கும் சேவைச் சங்கங்களின் காலத்துக்கும் இடையே, மாநிலமெங்கும் ஊரார் கொடை பள்ளிகளுக்குச் சென்றது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு ஊரார் கொடையை நம்பித்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் செலவில் 60 விழுக்காட்டை அரசு ஏற்றது, எஞ்சியதை ஊர் ஏற்றது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நாற்காலி, மணி, கரும்பலகை, சீருடை என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தனர்.

சேவைச் சங்கங்கள்

ரோட்டரி 1905இல் சிகாகோவில் பிறந்தது. கல்கத்தா வழியாக இந்தியாவுக்கு வந்து 1929இல் சென்னையை அடைந்தது. தமிழில் 'அரிமா' என்று பெயர் பெற்ற லயன்ஸ் சங்கம் 1917இல் தோன்றி, 1956இல் பம்பாயில் இந்தியக் கிளை கண்டது. பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு ஹெலன் கெல்லர் 1925இல் அரிமாக்களிடம் விடுத்த வேண்டுகோளே அவர்களின் கண் மருத்துவப் பணிக்கு ஊற்று. புதுப்பாளையத்தில் ஆசிரமம் திறந்த ஆண்டும் அதுதான்.

இச்சங்கங்கள் திருச்செங்கோட்டில் வேரூன்ற உதவியது ஊரின் தொழில் வளம். விசைத்தறி, நூற்பாலை, கூட்டுறவுச் சங்கத்தின் பருத்தி ஏலம், எல்லாவற்றுக்கும் மேலாக ரிக் வண்டி. இவ்வூர் முதலாளிகளின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் வடநாடு எங்கும், ஆப்பிரிக்கா வரையிலும் ஓடுகின்றன. குடிநீர்க் கிணற்றுக்காகத் தொண்டர்கள் அலைந்த வட்டாரம் பிற மாநிலங்களுக்குக் கிணறு தோண்டும் வட்டாரமாயிற்று. ஆசிரமத்துக்குப் பணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. சங்கங்களுக்குப் பணம் உள்ளூர்க் கடைவீதியிலிருந்து வருகிறது. உறுப்பினர் சந்தா, விழா மலர் விளம்பரம், கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு ஆகியவையே வழி. அப்பணம் பள்ளிக் கழிப்பறையாகவும், நோட்டுப் புத்தகமாகவும், கண் பரிசோதனை முகாமில் கண்டறிந்த சிறுவர்களுக்கு மூக்குக் கண்ணாடியாகவும் ஆகிறது. கரும்பலகை தெரியாமல் மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு ஒரு கண்ணாடி கிடைப்பது சிறிய உதவியல்ல.

ஆண்டுதோறும் சூலையில் புதிய தலைவர் பதவியேற்கிறார். இதனால் பலருக்குப் பொறுப்பு கிட்டுகிறது. நெடுநாள் வேலைகள் பாதியில் நிற்கவும் இதுவே காரணமாகிறது: முந்தைய தலைவர் தொடங்கியதை விடுத்து, அடுத்தவர் தமக்கென்று ஒன்றைத் தொடங்குவார். இதற்குப் பெரும் விதிவிலக்கு போலியோ ஒழிப்பு. 1985இல் ரோட்டரி இவ்வேலையைக் கையிலெடுத்தது. 12 கோடி டாலர் இலக்கு வைத்து, 1988க்குள் 24 கோடிக்கு மேல் திரட்டியது. தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தபோதும் வேலை மாறவில்லை. 1995 டிசம்பரில் நாடு தழுவிய சொட்டு மருந்து நாட்கள் தொடங்கியபோது, சாவடிக்குப் பந்தல், தொண்டர்களுக்குச் சாப்பாடு, குளிர்பெட்டிகளைக் கொண்டுசெல்ல வண்டி, தெருத்தெருவாக ஒலிபெருக்கி என்று ஊர்தோறும் சங்கத்தார் சுகாதாரத் துறையோடு நின்றனர்.

அண்மைக்காலம்

1980களின் இறுதியில் அரிமா, ரோட்டரி ஆகிய இரு சங்கங்களும் பெண்களை உறுப்பினராக ஏற்றன. காந்தி ஆசிரமம் புதுப்பாளையத்தில் இன்றும் கதரும் கிராமத் தொழில் பொருள்களும் உற்பத்தி செய்கிறது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 சனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று நாடு போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. சொட்டு மருந்து நாட்கள் அதன்பின்னும் தொடர்கின்றன. ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சாவடி திறக்கிறது; மருந்து வாங்கிய குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புகிறார்கள்.