புகுமுக வகுப்பின் மறைவும் பள்ளி ஊழியரின் சுமையும்

1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது, அதுவரை கல்லூரிகளில் நடந்துவந்த புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டுப் படிப்பு மறைந்தது. அம்மாறுதலைப் பலரும் ஒரு நிர்வாகச் சீர்திருத்தமாகவே கருதினார்கள். பதினோராண்டுப் பள்ளிப் படிப்பு பன்னிரண்டாண்டாயிற்று, கல்லூரியின் பாரத்தில் ஓராண்டு குறைந்தது என்ற அளவில் பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் வகுப்பு மறைந்ததே தவிர, அது செய்துவந்த காரியம் மறையவில்லை என்பதும், அக்காரியம் முழுவதும் பள்ளியின் உபாத்தியாயர், ஆய்வக உதவியாளர், நூலகப் பொறுப்பாளர், அலுவலகக் குமாஸ்தா ஆகியோர் தோள்மீது ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஏற்றிவைக்கப்பட்டது என்பதும், அச்சுமையை அறியாமல் அவர்களுக்குச் செய்யும் பாராட்டு வெறும் உபசாரமாகவே முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பள்ளிப் படிப்பு எங்கே முடியவேண்டும், சர்வகலாசாலைப் படிப்பு எங்கே தொடங்கவேண்டும் என்ற வினா நம் நாட்டில் நூறாண்டுப் பழமையுடையது. மைக்கேல் சாட்லரின் தலைமையில் 1917-இல் அமைந்து 1919-இல் அறிக்கை தந்த கல்கத்தா சர்வகலாசாலைக் கமிஷன், எல்லைக்கோடு பள்ளியிறுதியான மெட்ரிகுலேஷனில் அன்று, அதற்குப்பின் கல்லூரியில் நடந்த இண்டர்மீடியட்டிலேயே அமையவேண்டும் என்றது. 1948-49-இல் ராதாகிருஷ்ணன் கமிஷனும் ஏறத்தாழ அதே அபிப்பிராயத்தைச் சொல்லிற்று. 1952-53-இல் இடைநிலைக் கல்விக் கமிஷனுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், இண்டர்மீடியட்டை நீக்கி மூன்றாண்டுப் பட்டப் படிப்பை ஏற்படுத்த வேண்டுமென்றும், பழைய முறை உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வருவோர்க்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பு வேண்டுமென்றும் பரிந்துரைத்தார். 1942 முதல் 1969 வரை சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தவரும் அவரே. ஆகவே அப்பரிந்துரை 1956-57-இல் அவருடைய சர்வகலாசாலையிலேயே நடைமுறைக்கு வந்ததில் வியப்பில்லை. இடைக்கால ஏற்பாடாக வந்த அவ்வகுப்பு இருபத்திரண்டு ஆண்டுகள் நிலைத்தது. 1964-66-இல் கோத்தாரி கமிஷனின் சிந்தனையில் உருவான பத்து, இரண்டு, மூன்று என்னும் அமைப்பைத் தமிழ்நாடு மேற்கொண்டபோதுதான் அது முடிவுக்கு வந்தது.

இத்தனை கமிஷன்களும் ஆண்டுகளை எண்ணின; அந்த ஆண்டுகளுக்குள் நிகழ்வது இன்னதென்று கூர்ந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. புகுமுக வகுப்பில் நிகழ்ந்தது யாது? தமிழ் வழியில் பதினோராம் வகுப்பை முடித்து, கிராமத்துப் பள்ளியிலிருந்து நகரத்துக் கல்லூரிக்கு வந்த மாணவன், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்த சொற்பொழிவுகளைக் கேட்டு விழித்தான். உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதிப்போடாத ஒன்றைத் தானே குறிப்பெடுக்க வேண்டும் என்பதை அறிந்தான். ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம் என்ற உறுதி குலைந்து, நூலகத்தில் மூன்று புத்தகங்கள் மூன்று விதமாகச் சொல்வதைக் கண்டு கலங்கினான். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெதனாலும் தன்னை அறியாத ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும் துணிவைத் தேடினான். அவ்வாண்டில் தவறியவர்கள் பலர். அத்தோல்விகளை அன்று எல்லோரும் பழித்தனர்; ஆயினும் அவை பட்டப் படிப்பின் உள்ளே நிகழாமல் அதன் வெளியே நிகழ்ந்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். கல்லூரி என்னும் வீட்டுக்குப் புகுமுக வகுப்பு திண்ணையாக இருந்தது. திண்ணையை இடித்த பிறகு வருகிறவன் தெருவிலிருந்து நேரே கூடத்துக்குள் கால்வைக்க நேர்ந்தது.

1978-இல் வேறொன்றும் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றுக்குத் தன்னாட்சி வழங்கப்பட்டது. அவை தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்து, பரீட்சையைத் தாமே நடத்தத் தொடங்கின. பள்ளி பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்ந்து அரசின் பரீட்சைத் துறையின் கீழ் முழுமையாக அமைந்த அதே வேளையில், கல்லூரி தன் வழியே தனித்துப் போகத் தலைப்பட்டது. புகுமுக வகுப்புக்காலத்தில் ஒரே சர்வகலாசாலையின் பரீட்சையும் பாடப்புத்தகமும் புதியவனையும் பட்டதாரியாகப் போகிறவனையும் ஒரு நூலில் கோத்திருந்தன, அந்நூல் அறுந்தது. தன்னாட்சியை நான் குறை கூறவில்லை. அதனால் விளைந்த நன்மைகள் பல. எனினும், பள்ளி எதற்கு ஆயத்தப்படுத்துகிறது என்பதைப் பள்ளி அறியவும், தன்னிடம் வருவோர் என்ன கற்று வருகிறார்கள் என்பதைக் கல்லூரி அறியவும் இருந்த ஒரே வழி அதனோடு அடைபட்டது.

மேல்நிலை வகுப்பு அவ்விடத்தை நிரப்பியிருக்கலாம். இரண்டாண்டு என்பது புகுமுக வகுப்பைப்போல் இரு மடங்கு காலம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பின் மதிப்பெண்ணே மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்குச் செல்லும் திறவுகோலாக அமைந்தது. 1984 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நுழைவுத் தேர்வு அதனோடு பங்கு கொண்டிருந்து, பின்னர் அதுவும் நீக்கப்பட்டபோது, அம்மதிப்பெண்ணின் அதிகாரம் முழுமை பெற்றது. விளைவு நாடறிந்தது: பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தொட்டும் தொடாமலும் விட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் நடத்தின. வினாத்தாளின் புளூ பிரிண்டை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தைத் தள்ளலாம் என்று கணக்கிடும் சாமர்த்தியம் ஒரு கலையாகவே வளர்ந்தது. அதனைத் தடுக்க 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் 600 ஆயிற்று. முதல் மூன்று இடங்களை விளம்பரப்படுத்தும் வழக்கமும் 2017-இல் நின்றது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. தேர்வை வைப்பதும் எடுப்பதும் அரசுக்குக் கைவந்த காரியம். தேர்வில்லாத இடத்தில் கற்பிக்கத் துணியும் உபாத்தியாயருக்குத் துணைநிற்பது அத்தனை எளிதன்று.

கல்லூரிப் படிப்புக்கு உண்மையில் மாணவனை ஆயத்தப்படுத்துவோர் யார் என்று கேட்டால், முதுகலைப் பட்டதாரி ஆசிரியர் என்பதே உடனே வரும் விடை. அது சரியே, ஆனால் போதாது. வேதியியல் செய்முறை வகுப்பை எடுத்துக்கொள்வோம். ப்யூரெட்டில் திரவத்தை நிரப்பி, அதன் வளைந்த மேற்பரப்பின் அடிமட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்கவேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லிவிடுகிறார். ஐம்பது மாணவர்களில் யார் குனிந்து பார்க்கிறான், யார் பக்கத்து மேசையின் அளவீட்டைத் தன் அப்சர்வேஷன் நோட்டில் இறக்கிக்கொள்கிறான் என்பது ஆய்வக உதவியாளருக்குத்தான் தெரியும். உப்புப் பகுப்பாய்வுக்கு முதல்நாள் கரைசல்களைத் தயாரித்து, புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி, உடைந்த சோதனைக் குழாய்களைக் கணக்கெடுத்து, இருக்கிற ஒரே வேதித்தராசை எல்லோர்க்கும் பயன்படுமாறு முறைவைப்பவர் அவர். கல்லூரியில் பிழைவரம்பைப் பற்றிய முதல் சொற்பொழிவைக் கேட்கும் மாணவனுக்கு, தான் எடுத்த அளவீடு தன் கையால் எடுத்தது என்ற அநுபவம் ஏற்கெனவே இருந்தால் அச்சொற்பொழிவு பொருள்படும். இல்லையேல் அது மனப்பாடத்துக்கு இன்னொரு பத்தி. அறிவியல் பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த காலத்தில் 50 செய்முறைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஐம்பதைப் பெரும்பாலோர் முழுமையாகவே பெற்றனர் என்பதும், அப்படிப் பெற்றவர்களில் பலர் கல்லூரி ஆய்வகத்தில் பிப்பெட்டைப் பிடிக்கத் தடுமாறினர் என்பதும் கல்லூரி ஆசிரியர்கள் அலுக்காமல் சொல்லும் செய்தி. ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் செய்முறை வகுப்பு என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

நூலகத்தின் நிலை இதைவிட இரங்கத்தக்கது. 1946-இல் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது; கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரனின் 'கலைக்கதிர்' தமிழில் விஞ்ஞானத்தைச் சொல்லிவந்தது. தூரன் பள்ளி உபாத்தியாயராக இருந்தவர் என்பதை நான் தற்செயலான செய்தியாகக் கருதவில்லை. பாடப்புத்தகத்துக்கு அப்பால் ஒன்றைத் தேடும் பழக்கம் பள்ளியில் தோன்றாவிடில் கல்லூரியில் தோன்றாது என்பதை அறிந்தவர்களே அவ்வேலைகளில் இறங்கினார்கள். இன்று, தனி நூலகர் இல்லாத பள்ளியில், ஏதோ ஓர் ஆசிரியர் நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாக ஏற்றிருக்கிறார். புத்தகம் தொலைந்தால் விடைசொல்ல வேண்டியவரும் அவரே ஆகையால், பீரோவைத் திறப்பதைவிடப் பூட்டிவைப்பதே அவருக்குப் பத்திரமாகப்படுகிறது.

குமாஸ்தாவைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் குறிப்பிடுவதில்லை. குறிப்பிடவேண்டும் என்பது என் கருத்து. கல்லூரிக்குப் போகும் மாணவியின் மாற்றுச் சான்றிதழில் பெயரெழுத்தும் தலைப்பெழுத்தும் பொருந்தியிருப்பது, சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தாள் என்று சான்றளிப்பது, முதல் பட்டதாரிச் சான்றுக்கு எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்று தகப்பனுக்குச் சொல்லியனுப்புவது ஆகியன அவர் கையில் உள்ளன. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 2020 முதல் அளிக்கப்படும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும், கல்லூரி மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், அப்பதிவேட்டின் ஒரு வரியில் தொங்குகின்றன. படிப்பறியாத பெற்றோரின் பிள்ளைக்குக் கல்லூரியின் முதல் பாடம் விண்ணப்பப் படிவமே. அப்பாடத்தின் ஆசிரியர் குமாஸ்தா.

கணித மேதை இராமாநுஜனை எல்லாக் கல்விக் கட்டுரைகளிலும் இழுத்துவருவது நம்மவர்க்கு ஒரு வழக்கமாகிவிட்டது. ஆயினும் அவருடைய சரிதத்தில் இவ்விஷயத்துக்கு நேரே உரிய ஒரு பகுதி உண்டு. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்க்கும் முப்பத்தைந்து ஆசிரியர்க்கும் பொருந்துமாறு கால அட்டவணை அமைக்கும் வேலையைக் கணித ஆசிரியர் அச்சிறுவனிடம் ஒப்படைத்தார். 1904-இல் தலைமையாசிரியர் பரிசளித்தபோது, முழு மதிப்பெண்ணும் அவனுக்குக் குறைவு என்று சபையறியச் சொன்னார். அதே ஊரின் அரசுக் கல்லூரிக்கு உபகாரச் சம்பளத்தோடு சென்றவர், எஃப்.ஏ. என்னும் கல்லூரியின் முதற்படி வகுப்பில் ஆங்கிலத்தில் தவறி அதனை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. இதனைக் கல்லூரியின் குருட்டுத்தனம் என்று கடிந்துகொள்வது சுலபம். பள்ளி அவர் யாரென்று நன்கு அறிந்திருந்தது. அவ்வறிவு ஊரின் மறுபக்கத்திலிருந்த கல்லூரியைச் சென்றடைய ஏற்பாடே இல்லை. எல்லாப் பாடத்திலும் தேறவேண்டும் என்ற விதியோ அவ்வறிவுக்கு இடமும் வைக்கவில்லை. அதே சமயம் ஒரே பாடத்தில் மூழ்கியிருந்த மாணவனைப் பிற பாடங்களின் நிர்ப்பந்தத்துக்குப் பள்ளியும் ஆயத்தப்படுத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனிப் பாராட்டு. ராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாக 1962 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. நல்லாசிரியர் விருதும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. விருது வழங்கவேண்டாம் என்பார் யாருமிலர். ஆனால் அவை ஆசிரியர்க்கே உரியவை. ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் உள்ளவர்க்கு அன்றைய தினம் பந்தல்வேலையே மிச்சம். ஆண்டு முழுவதும் நடக்கும் பாராட்டோ நூறு விழுக்காடு தேர்ச்சிக்கே கிடைக்கிறது. தேர்ச்சி விழுக்காடு பள்ளியின் வாசலோடு நின்றுவிடும் அளவுகோல். கல்லூரியின் முதல் பருவத்தில் தேறியவன் யார், இரண்டாம் மாதமே படிப்பை விட்டவள் யார் என்பது அதற்குத் தெரியாது. இதனால் புளூ பிரிண்டைப் பார்த்துப் பாடம் நடத்தியவரும், பதினோராம் வகுப்பின் வகைநுண்கணிதத்தைப் பொறுமையாகக் கற்பித்தவரும் மேடையில் ஒரே சால்வையைப் பெறுகிறார்கள். சில வேளைகளில் முன்னவர் மட்டும் பெறுகிறார்.

வேறுவகையான பாராட்டையும் இந்நாடு கண்டிருக்கிறது. 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் தம் பள்ளிக்குப் பலகை, நாற்காலி, கடிகாரம், கட்டிடம் எனக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உபாத்தியாயரைப் புகழ்ந்ததோடு நில்லாமல் அவருக்கு வேலைசெய்யக் கருவி தந்த பாராட்டு அது. அவரே 1969-இல் இலட்சுமணசுவாமி முதலியாருக்குப்பின் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தரானார். பள்ளிக்கல்வியை இயக்கியவரிடம் சர்வகலாசாலையை ஒப்படைக்கும் துணிவு பின்னர் நமக்கு எத்தனை முறை வந்தது என்று கேட்டுக்கொள்ளலாம்.

கல்லூரிகள் இப்போது முதலாண்டின் தொடக்கத்தில் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகின்றனவே, பழைய புகுமுக வகுப்பின் காரியத்தை அது செய்யாதா என்பது ஓர் ஆக்ஷேபம். செய்யாது. சில நாட்களோ சில வாரங்களோ நடக்கும் அவ்வகுப்பு, மாணவன் எவ்வெப்பாடத்தை விட்டுவந்தான் என்பதை அறியாமல், எல்லோர்க்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறது. அதற்குத் தேவையான விவரம் பள்ளியில் உள்ளது. பள்ளிக்குத் தேவையான விவரம் கல்லூரியில் உள்ளது. மற்றோர் ஆக்ஷேபமும் உண்டு: கல்லூரி முடிவுகளைப் பள்ளிக்கு அனுப்பினால் அவையும் இன்னொரு தரவரிசைப் பட்டியலாகி, ஏற்கெனவே நெருக்கப்படும் உபாத்தியாயரை மேலும் நெருக்கும் என்பது. இந்த அச்சம் நியாயமானது. ஆகவே அது பத்திரிகைக்கும் மேலதிகாரிக்கும் போகாமல், பாடம் நடத்தியவருக்கு மட்டும் போகவேண்டும்.

தொழில்நுட்பத் தடை இன்று இல்லை. பள்ளி மாணவரின் விவரம் எமிஸ் என்னும் தரவுத்தளத்திலும், கல்லூரி மாணவரின் விவரம் யூமிஸ் என்னும் தரவுத்தளத்திலும் பதிவாகின்றன. முதல் பருவத் தேர்வு முடிந்ததும், ஒரு மேல்நிலைப் பள்ளியிலிருந்து சென்றவர்கள் கணிதத்தில் எந்த அலகில் தடுமாறினார்கள், ஆய்வகத்தில் எதனைப் புதிதாகக் கற்க நேர்ந்தது, எந்தச் சான்றிதழ் தாமதமானதால் உதவித்தொகை நின்றது என்ற மூன்றை மட்டும் எழுதி, அக்கல்லூரியின் துறைத்தலைவர் கையொப்பமிட்டு, முறையே கணித ஆசிரியருக்கும் ஆய்வக உதவியாளருக்கும் குமாஸ்தாவுக்கும் பெயரிட்டு அனுப்பலாம். ஒரு மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியும் அதற்கு மிகுதியாக மாணவரை அனுப்பும் பத்துப் பள்ளிகளும் இதற்கு முன்வந்தால் போதும். தனி நிதியும் அரசாணையும் தேவைப்படா. டிசம்பரில் அக்கடிதம் வந்தால், அவ்வாண்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்குச் செய்முறைத் தேர்வு தொடங்குமுன் இன்னும் சில வாரங்கள் எஞ்சியிருக்கும்.